வெண்ணெய்ப்பழமும் அதன் மூன்று குலங்களும்

ஹைதராபாத் நகரின் வடமேற்கே, மும்பை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் பகுதி குகட்பள்ளி. ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடம், தொழிற்சாலைகளும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் எழுந்த பின்னர் நகரோடு நகராகக் கலந்துவிட்டது. தெலுங்கர், தமிழர், மராட்டியர், வடநாட்டார் எனப் பல மொழியினரும் கூடி வாழும் இப்பகுதியின் பழக்கடைகளில், சில ஆண்டுகளாக நாம் ஒரு புதுமையைக் காண்கிறோம். மாவும் கொய்யாவும் சீத்தாவும் குவிந்து கிடக்கும் தட்டுகளுக்கு நடுவே இரண்டு வகைக் காய்கள் இருக்கின்றன. ஒன்று பெரியது, வழவழப்பான பச்சைத் தோல் உடையது. மற்றொன்று சிறியது, கருமை ஏறியது, தோலெல்லாம் சொரசொரப்பானது. அதன்மேல் அயல்நாட்டுச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. கடைக்காரரைக் கேட்டால் இரண்டையும் ‘வென்ன பண்டு’ என்பார். வெண்ணெய்ப்பழம் என்பது அதன் பொருள். ஆனால் விலை கேட்டால், சிறியதற்கே பெரியதைவிட மிகுதியாகச் சொல்லுவார்.

ஒரே பெயருடைய இரு பழங்களுக்குள் இத்துணை வேற்றுமை ஏன்? சிறியது ஏன் அரிதாயிற்று? பெரியது ஏன் மலிந்தது? விடை காண வேண்டுமானால் நாம் கடல் கடந்து நெடுந்தொலைவும், காலம் கடந்து பல நூற்றாண்டுகளும் செல்ல வேண்டியிருக்கிறது. பின்னர் நம் பழனி மலைச் சரிவுகளுக்கும் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

வெண்ணெய் மரம் அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதிக்கு உரியது. மெக்ஸிகோ நாட்டில் தெஹுவாக்கான் பள்ளத்தாக்கிலுள்ள கோஷ்கட்லான் என்னும் குகையை அகழ்ந்தபோது இப்பழத்தின் கொட்டைகள் கிடைத்தன. ஏறத்தாழ ஒன்பதாயிரம், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் இதனை உண்டிருக்கின்றனர் என்பது அதனால் விளங்குகிறது. சோளமும் பயறும் விதைக்கக் கற்பதற்கு முன்பே, காட்டு மரத்திலிருந்து இதனைப் பறித்துத் தின்றவர்கள் அவர்கள். தாவர நூலார் இதனைக் கருவா, கற்பூர மரம், பிரிஞ்சி ஆகியவற்றின் குடும்பத்தில் சேர்க்கின்றனர். நம் சமையலறையில் மணக்கும் பட்டையும் இலையும் இதன் உறவினர் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். இதன் இலைகளில் சிலவற்றைக் கசக்கி முகர்ந்தால் அவ்வுறவு உடனே விளங்கும்.

அஸ்டெக் மக்கள் தம் நஹுவாட்டில் மொழியில் இதனை ‘அஹுவாகட்ல்’ என்றனர். தெற்கே பெரு நாட்டில் இதற்குப் ‘பால்டா’ என்று பெயர். பால்டா என்ற மாநிலத்தை வென்ற இன்கா அரசர் ஒருவர் அங்கிருந்து இதனைத் தம் வெப்பமான பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டு வந்தார் என்று இன்கா வழிவந்த வரலாற்றாசிரியர் கார்சிலாசோ எழுதியிருக்கிறார். இன்றும் பெருவிலும் சிலியிலும் அப்பெயரே வழங்குகிறது.

ஸ்பெயின் நாட்டார் அங்கு சென்றபின் இப்பழம் ஐரோப்பிய ஏடுகளில் இடம்பெற்றது. 1519ஆம் ஆண்டில் மார்ட்டின் பெர்னாண்டஸ் டி என்சிசோ என்பவர் வெளியிட்ட நிலவியல் நூலில், வெண்ணெய் போன்ற சதையுடைய இதனைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அஸ்டெக் சொல் ஸ்பானியர் நாவில் நுழையவில்லை. அதனோடு ஒலி ஒத்ததாகத் தம் மொழியில் வழக்கறிஞரைக் குறித்த சொல்லை ஒட்டி வைத்து, மரத்துக்கும் வழக்கறிஞர் பட்டம் சூட்டிவிட்டனர். அதுவே திரிந்து ஆங்கிலத்தில் ‘அவகாடோ’ ஆயிற்று. 1696இல் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் அறிஞர் ஜமைக்காத் தீவின் தாவரங்களை வகைப்படுத்தி எழுதிய நூலில் அச்சொல்லைக் காண்கிறோம்.

ஆங்கிலேயர் இதனை ‘அலிகேட்டர் பேரி’ என்றும் அழைத்தனர். அலிகேட்டர் என்றால் முதலை. தோலின் கரடுமுரடும் பேரிக்காய் வடிவமும் சேர்ந்து இப்பெயருக்கு இடங்கொடுத்தன போலும். இந்த முதலை இலங்கைக்கு வந்தபோது நேர்ந்த மாற்றம் சுவையானது. சிங்களத்தில் ‘அலி’ என்பது யானையைக் குறிக்கும்; ‘பேர’ என்பது கொய்யாவைக் குறிக்கும். ‘அலிகேட்டர் பேரி’ சிங்களர் வாயில் ‘அலிகெட்ட பேர’ ஆயிற்று. அதைக் கேட்ட இலங்கைத் தமிழர் ‘ஆனைக்கொய்யா’ என்று சொல்லத் தொடங்கினர் என்று கருத இடமுண்டு. வழக்கறிஞராகப் புறப்பட்டது முதலையாகி, முதலை யானையான இந்த வரலாற்றை மொழிநூல் மாணவர் யாரேனும் விரிவாக எழுதலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்றும் ஆனைக்கொய்யா என்ற பெயருக்கே மதிப்பு. கலிபோர்னியாவின் பயிரிடுவோரோ, 1915ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது, முதலைப் பெயர் விற்பனைக்கு ஆகாதென்று தள்ளி, அவகாடோ என்பதையே நிலைநிறுத்தினர்.

பெயர் இருக்கட்டும், இனி வகைகளுக்கு வருவோம். 1653ஆம் ஆண்டிலேயே பெர்னபே கோபோ என்னும் ஏசுசபைப் பாதிரியார் இம்மரத்தில் மூன்று வகை உண்டென்று பிரித்து எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த தாவர நூலாரும் அந்த மூன்றையே ஏற்றுக்கொண்டனர். மெக்ஸிகோ குலம், குவாதமாலா குலம், மேற்கிந்தியக் குலம் என்பன அவை.

மெக்ஸிகோ குலம் உயர்ந்த மலைநாட்டுக் குலம். குளிரைத் தாங்குவதில் இதற்கு நிகர் மற்ற இரண்டும் இல்லை. இலையைக் கசக்கினால் சோம்பின் மணம் வீசும். மெக்ஸிகோவில் அவ்விலையையே சமையலில் சேர்ப்பதுண்டு. பழம் சிறியது, தோல் காகிதம்போல் மெல்லியது, நகத்தால் கீறினால் உரிந்துவிடும். பூத்த ஆறு முதல் எட்டு மாதங்களில் முற்றும். எண்ணெய்ச் சத்து மிகுந்தது. ஆதலால் சுவையும் மிகுந்தது. ஆயினும் அந்த மெல்லிய தோல் வண்டிப் பயணத்தைத் தாங்குவதில்லை.

குவாதமாலா குலமும் மலைக்குரியதே. ஆனால் அத்துணைக் குளிரைத் தாங்காது. இதன் தோல் தடித்தது; சிலவற்றில் மரப்பட்டைபோலக் கெட்டியாகவே இருக்கும். மேற்புறம் சொரசொரப்பாக இருக்கும். விதை சதையோடு இறுக ஒட்டியிருக்கும். இலையில் சோம்பு மணம் இல்லை. காய் முற்ற ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். சென்ற ஆண்டின் காயும் இவ்வாண்டின் பூவும் ஒரே கிளையில் தோன்றும் காட்சி இக்குலத்துக்கு உரியது.

மேற்கிந்தியக் குலம் என்பதன் பெயர் சற்றே ஏமாற்றுவது. மேற்கிந்தியத் தீவுகள் இதன் தாயகம் அல்ல. நடு அமெரிக்காவின் தாழ்ந்த, வெப்பம் மிகுந்த கடற்கரைப் பகுதியே இதன் பிறப்பிடம். ஸ்பானியர் இதனைத் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். பழம் பெரியது, தோல் பதனிட்ட தோல்போல் வழவழப்பானது, பழுத்தபின்னும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். சிலவற்றில் விதை தளர்ந்து, ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஓசை எழும். எண்ணெய் குறைவு, பலவற்றில் பத்து விழுக்காட்டுக்கும் கீழே. நீர்ச்சத்து கூடுதலாதலால் சதை இலேசாக இனிக்கும். வெப்பத்தையும் ஓரளவு உப்பு மண்ணையும் பொறுக்கும். குளிரை மட்டும் பொறுக்காது. கப்பலோட்டிகள் வெண்ணெய்க்கு மாற்றாகக் காய்ந்த ரொட்டியில் தடவித் தின்ற பழமும் இதுவே.

இப்போது குகட்பள்ளிக் கடைத்தட்டை மீண்டும் நோக்கினால், பச்சைப்பழம் மேற்கிந்தியக் குலச் சாயலையும், கருத்த பழம் குவாதமாலா குலச் சாயலையும் காட்டுவது விளங்கும். சாயல் என்றுதான் சொல்லுகிறோம். ஏனெனில், இக்குலங்கள் தம்முள் தடையின்றிக் கலப்பவை. அந்தக் கலப்புக்குக் காரணமான பூவின் இயல்பைச் சிறிது பார்த்தல் நலம்.

வெண்ணெய் மரத்தின் பூ ஒவ்வொன்றும் இருமுறை மலர்கிறது. முதன்முறை பெண்ணாக மலரும். சூலகம் மகரந்தத்தை ஏற்கக் காத்திருக்கும். ஆனால் தன் மகரந்தப்பை திறவாது. பின்னர் மூடிக்கொள்ளும். மறுநாள் ஆணாக மலர்ந்து மகரந்தத்தை உதிர்க்கும். சில மரங்களில் பெண் மலர்ச்சி காலையிலும் மறுநாள் ஆண் மலர்ச்சி பிற்பகலிலும் நிகழும். வேறு சில மரங்களில் பெண் மலர்ச்சி பிற்பகலிலும் மறுநாள் ஆண் மலர்ச்சி காலையிலும் நிகழும். ஆக, ஒருவகை மரம் பெண்ணாக இருக்கும் நேரத்தில் மற்றொரு வகை மரம் ஆணாக இருக்கிறது. அருகருகே இரண்டையும் நட்டால் தேனீக்கள் காரியத்தை முடித்துவிடும். இந்த நுட்பமான ஏற்பாட்டை அமெரிக்காவில் ஆராய்ந்து 1922ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டவர் நிரோடி என்பவர். இப்பெயர் நம் கொங்கணக் கடற்கரைக்கு அந்நியமானதன்று. மறு ஆண்டே ஸ்டவுட் என்னும் அறிஞர் கலிபோர்னியாவில் செய்த ஆராய்ச்சியால் இச்செய்தி உறுதிப்பட்டது.

இவ்வியல்பினால் விளைவது யாதெனின், விதையிட்டு முளைத்த கன்று தாயைப்போல இருப்பதில்லை. ஒரே மரத்தின் பத்துக் கொட்டைகளை நட்டால் பத்து விதமான மரங்கள் எழும்; ஒன்று நீண்ட கழுத்துடன், ஒன்று உருண்டையாக, ஒன்று நாரோடு, ஒன்று நெய்போல. மாங்கொட்டை நட்ட நம் முன்னோர் இதனை நன்கறிவர். நல்ல மரம் ஒன்று வாய்த்தால் அதனை மாறாமல் பெருக்குவதற்கு ஒட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. உலகப் புகழ் பெற்ற வெண்ணெய்ப்பழ வகைகளெல்லாம் இவ்வாறு தற்செயலாகக் கிடைத்த ஒற்றை மரங்களின் சந்ததிகளே. அவற்றுள் இரண்டின் வரலாற்றைக் கூறாமல் மேற்செல்ல இயலாது.

1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு நாற்றுப்பண்ணையார், கார்ல் ஷ்மிட் என்னும் இளைஞரை மெக்ஸிகோவுக்கு அனுப்பினார். சந்தை சந்தையாகச் சென்று நல்ல பழங்களைத் தேடி, அவை பறிக்கப்பட்ட மரங்களைக் கண்டறிந்து, ஒட்டுக்குச்சிகளை வெட்டி அனுப்புவது அவர் பணி. பூப்ளா மாநிலத்து அட்லிக்ஸ்கோ என்னும் ஊரில் ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்திலிருந்து அவர் அனுப்பிய குச்சிக்குப் பதினைந்து என்று எண் இடப்பட்டது. 1913இல் கலிபோர்னியாவைக் கடும்பனி தாக்கி, நாற்றுகள் பலவற்றைக் கருக்கிற்று. அதனைத் தாங்கித் துளிர்த்தது அந்தப் பதினைந்தாம் எண். ஆதலால் ஸ்பானிய மொழியில் வலியது எனப் பொருள்படும் ‘புவெர்த்தே’ என்ற பெயரை அதற்கு இட்டனர். மெக்ஸிகோ குலமும் குவாதமாலா குலமும் கலந்த இது, பேரிக்காய் வடிவமும் மெல்லிய பச்சைத் தோலும் சிறந்த சுவையும் உடையது. கலிபோர்னியாவின் பழத்தொழில் பல்லாண்டுகள் இதனை நம்பியே வாழ்ந்தது. நன்றி மறவாத பயிரிடுவோர் 1938இல் அட்லிக்ஸ்கோவுக்கே சென்று அத்தாய்மரத்தினடியில் நினைவுப் பலகை நாட்டினர். ஆயினும் புவெர்த்தேயிடம் இரண்டு குறைகள் இருந்தன. ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். தோல் மெல்லியதாதலால் நெடும்பயணத்தில் கன்றிப்போகும்.

அதன் இடத்தைப் பிடித்தது ‘ஹாஸ்’. ருடால்ப் ஹாஸ் என்பவர் கலிபோர்னியாவில் ஒரு தபால்காரர். லா ஹாப்ரா ஹைட்ஸ் என்னுமிடத்தில் சிறிது நிலம் வாங்கி, 1920களின் நடுவில் வெண்ணெய்க் கொட்டைகளை நட்டு வளர்த்தார். அக்கன்றுகளை வேர்க்கன்றாகக் கொண்டு மேலே நல்ல வகையை ஒட்டுக் கட்டுவது அவர் எண்ணம். ஒரு கன்றில் மட்டும் ஒட்டு மீண்டும் மீண்டும் பிடிக்கவில்லை. அதனை அப்படியே விட்டுவிட்டார். அது தானாகக் காய்த்தபோது, சிறியதாகவும் கருத்த தோலுடையதாகவும் இருந்த அதன் பழத்தைப் பெரியவர் எவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டுக் குழந்தைகளோ வேறெந்தப் பழத்தையும் விட இதையே விரும்பித் தின்றனர். அதன்பின்னரே தந்தையார் அதனைக் கவனித்தார். 1935ஆம் ஆண்டில் அம்மரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், ஒரு தோட்டத்தார் ஒரு கன்றை வாங்கிச் சென்று, அதிலிருந்து தாமே நூறு ஒட்டுகள் கட்டிக்கொண்டால் யார் தடுக்க முடியும்? காப்புரிமையால் அவருக்குக் கிடைத்தது சில ஆயிரம் டாலர்களே. தபால் உத்தியோகத்தை அவர் கைவிடவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த 1952ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார்.

இன்று உலகில் விற்பனையாகும் வெண்ணெய்ப்பழத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஹாஸ் என்று கணக்கிடுகின்றனர். மெக்ஸிகோ, பெரு, சிலி, கென்யா, டான்சானியா, இசுரேல், நியூசிலாந்து என எங்கு காய்த்தாலும் ஒவ்வொரு ஹாஸ் மரமும் அந்தத் தபால்காரர் வளர்த்த ஒற்றை மரத்தின் துண்டே. நெடுங்காலம் அதனைக் குவாதமாலா குலத்தது என்றே கருதி வந்தனர். 2019இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, அதன் மரபில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மெக்ஸிகோ குலத்தைச் சேர்ந்தது என்று காட்டிற்று. தடித்த தோலை ஒரு குலத்திடமும், எண்ணெய்ச் சுவையை மற்றொரு குலத்திடமும் பெற்றுக்கொண்டது அது. வணிகருக்கு உகந்த இன்னொரு குணமும் அதற்கு உண்டு. காயாக இருக்கையில் பச்சையாகவும் பழுக்கப் பழுக்கக் கருமையாகவும் நிறம் மாறும். வாங்குவோர் தொட்டுப் பார்க்க வேண்டுவதில்லை, கண்ணே சொல்லிவிடும். தாய்மரம் மட்டும் வேரழுகல் நோய் பற்றி 2002ஆம் ஆண்டில் வெட்டப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இம்மரம் இந்தியாவுக்கு வந்தது என்பர் தோட்டக்கலை வல்லுநர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் இரண்டு பழைய அரசுத் தோட்டங்கள் உள்ளன. 1871இல் அரசுத் தோட்டமான பர்லியாறு ஒன்று. அதற்குக் கீழே, மலையடிவாரத்தில், 1900இல் தொடங்கப்பெற்ற கல்லாறு மற்றொன்று. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய் முதலிய அயல்நாட்டு மரங்களுக்கு அவை புகலிடமாக விளங்கியவை. வெண்ணெய் மரமும் அங்கே இடம்பெற்றது. நீலகிரிச் சரிவு, பழனியின் கீழ்மலை, குடகு, வயநாடு, பெங்களூர்ச் சுற்றுப்புறம், வடகிழக்கே சிக்கிம் ஆகிய இடங்களில் நாளடைவில் அது பரவிற்று.

பரவிற்று என்றாலும், யாரும் அதனைப் பயிராக மதித்துப் பரப்பவில்லை. காபித் தோட்டத்தில் நிழல் வேண்டும். பலா, ஆரஞ்சு, வெள்ளிஓக் மரங்களோடு இதுவும் நின்றால் நல்லதென்று ஊன்றினர். அதுவும் கொட்டையாகவே ஊன்றினர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்னும் கீழ்மலை ஊர்களில் பல காலம் அப்பழம் உதிர்ந்து கிடந்து பன்றிக்கும் அணிலுக்கும் உணவாயிற்று. மலைவாழையைக் குருத்துநோய் அழித்து, ஆரஞ்சும் நலிந்து, காபி விலையும் ஏறி இறங்கிய காலங்களில்தான் கீழ்மலை உழவர் இம்மரத்தைத் திரும்பிப் பார்த்தனர். நீர் பாய்ச்சாமல், உரமிடாமல், காபிக்கு இடையே ஓரமாக நின்ற மரம் கைச்செலவுக்குக் காசு தந்தது. இன்று அதே மலையில் அதுவே முதன்மை வருவாயாக உள்ள குடும்பங்களும் உண்டு.

இந்நாட்டுத் தோட்டங்களின் பழைய பட்டியலைப் புரட்டினால் சில வகைப் பெயர்கள் தென்படும். பொல்லாக், டிராப் என்பன புளோரிடாவில் தோன்றிய மேற்கிந்தியக் குலத்தவை. இரண்டும் பெரிய பழம் தருபவை. புவெர்த்தேயும் உண்டு. பேராதனையிலிருந்து வந்த ஊதாநிறக் கலப்பு வகை ஒன்றும் உண்டு. மற்றவற்றுக்கு இட்ட பெயர்களைக் கேட்டால் நகைப்பு வரும்: பச்சை, ஊதா, உருண்டை, நீளம்! இவை பெயர்களா, அடையாளங்களா? சேலத்து மாவுக்கும் பெரியகுளத்து மாவுக்கும் நாம் இட்ட பெயர்களின் அழகென்ன! பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், ருமானி என்று பெயர் சூட்டிய நாவு, இந்த விருந்தாளிக்குப் பெயர் வைக்க மட்டும் சோம்பிவிட்டது. பெயர் இல்லாத மரத்தை யாரும் தேடி வந்து ஒட்டுக் கட்டுவதில்லை என்பதே இதில் உள்ள வருத்தம்.

அக்குறையை ஓரளவு நீக்கியவர்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்மலையில், தடியன்குடிசையில் அமைந்துள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தார். விதைமரங்கள் பலவற்றை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்து, அவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, 1990களில் ‘தடியன்குடிசை 1’ என்ற பெயருடன் வெளியிட்டனர். அதன் பழம் நடுத்தர அளவு, உருண்டை, பச்சை நிறம். கொழுப்புச் சத்து ஏறத்தாழ 24 விழுக்காடு. இந்த எண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பச்சைத் தோலுடைய நாட்டுப்பழம் என்றாலே நீர்த்தது, சுவையற்றது என்று இகழ்வாருக்கு இந்த ஓர் எண்ணே விடை. பெயர் பெற்ற அயல்நாட்டு வகைகளோடு ஒப்ப நிற்கும் மரங்கள் நம் காபித் தோட்டங்களில் யாரும் அறியாமல் நின்றிருக்கின்றன, நிற்கவும் கூடும். குடகில் செட்டள்ளியிலுள்ள மத்தியத் தோட்டக்கலைச் சோதனை நிலையத்தாரும் இவ்வாறே தேர்வு செய்து, ‘அர்கா சுப்ரீம்’, ‘அர்கா கூர்க் ரவி’ என்னும் இரு வகைகளை அண்மைக் காலத்தில் அளித்துள்ளனர்.

மலையில் இவ்வளவு இருக்க, தக்காணப் பீடபூமியில் இம்மரம் ஏன் வேரூன்றவில்லை என்று குகட்பள்ளிவாசிகள் கேட்கலாம். ஹைதராபாத்தின் வைகாசி வெயில் நூற்றுப்பத்துப் பாகை பாரன்ஹீட்டை எட்டுவதுண்டு. அதனோடு ஈரமற்ற அனல்காற்றும் சேரும். வெண்ணெய் மரத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. நுண்ணிய வேர்த்தூவிகள் குறைந்தவை. ஆழத்து நீரை அவற்றால் எட்டிப் பிடிக்க இயலாது. அனல்காற்றில் இலை கருகும், பிஞ்சு உதிரும். அதற்காக மழைக்காலத்துக் கரிசலில் நட்டால், தேங்கிய நீரில் வேரழுகல் பூஞ்சாணம் பற்றிக்கொள்ளும். கலிபோர்னியத் தாய்மரத்தைக் கொன்ற அதே நோய்தான். வறட்சியும் ஆகாது, ஈரமும் ஆகாது என்னும் இம்மரத்துக்கு மலைச்சரிவின் வடிகால் மண்ணும், மூடுபனியும், பருவமழையும் பொருந்தினாற்போலத் தக்காணம் பொருந்துவதில்லை. மேற்கிந்தியக் குலத்தை வேர்க்கன்றாக வைத்து, நிழல்வலையும் சொட்டு நீரும் கொடுத்து வளர்ப்பார் வளர்க்கலாம்; அதற்கு ஆகும் செலவும் அவர்களுடையதே.

இங்கே சீத்தாவை நினையாமல் இருக்க முடியவில்லை. அதுவும் அமெரிக்கப் பழமே. ஏறத்தாழ அதே கடல்வழியாக ஐரோப்பியர் கையால் வந்ததே. ஆயினும் தெலுங்கானாவின் கற்குன்றுகளில் விதைப்பார் இன்றி முளைத்து, காட்டு மரமாகவே ஆகிவிட்டது. மகபூப்நகர்ப் பகுதியின் பாலாநகர் பெயரால் புகழ்பெற்ற வகையே அதில் உண்டு. ஐப்பசியில் கூடை கூடையாகச் சுமந்து வந்து விற்கும் பெண்களுக்கு அது அயல்நாட்டுப் பழம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரே கண்டத்துப் பழங்கள் இரண்டு. ஒன்று இம்மண்ணின் மகளாகிவிட்டது, மற்றொன்று இன்னும் விருந்தாளியாகவே மேசையில் அமர்ந்திருக்கிறது. வெயிலைத் தாங்கும் ஆற்றலில் உள்ள வேற்றுமையே இதற்கு முதற்காரணம். நாக்கின் பழக்கம் அடுத்த காரணம். பழம் என்றால் இனிக்க வேண்டும் என்பது நம் துணிபு. மெக்ஸிகோவில் உப்பும் மிளகாயும் வெங்காயமும் கூட்டித் துவையலாக உண்ணும் இதனை, நாமும் இலங்கையரும் பாலும் சர்க்கரையும் சேர்த்தே உண்கிறோம். ஹைதராபாத்தின் பழச்சாற்றுக் கடைகளிலும் அதுவே வழக்கம்.

வகையறியாமல் வாங்குவோர் இழப்பதும் சிறிதன்று. வெண்ணெய்ப்பழம் மரத்தில் பழுப்பதில்லை. முற்றிய பின்னும் கிளையில் தொங்கியவாறே காயாக இருக்கும். பறித்த பின்னரே கனியும். மலையிலிருந்து பெட்டியில் வரும் நாட்டுப் பச்சைப்பழம் கனிந்ததா இல்லையா என்பதை நிறம் காட்டாது. காம்படியில் மெல்ல அழுத்தினால் இளக வேண்டும். காம்புக் குமிழைத் தள்ளினால் அடியில் பசுமஞ்சள் தெரிய வேண்டும். சில வகைகளில் ஆட்டினால் விதை ஒலிக்க வேண்டும். இவற்றை அறியாதார் கல்போன்ற காயை அறுத்து, கசக்கிறதென்று குப்பையில் எறிந்து, மறுமுறை அந்தப் பக்கமே திரும்புவதில்லை. வாழைப்பழத்தோடு சேர்த்து அரிசிப்பானையில் மூன்று நாள் வைத்திருந்தால் நெய்போலக் கனிந்திருக்கும். அவ்வாறு ஏமாந்தவரே அடுத்த வாரம், சீட்டு ஒட்டிய கருப்புப் பழத்துக்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார்.

அதன் விளைவு கீழ்மலையில் உணரப்படுகிறது. வணிகர்கள் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறம் கேட்கின்றனர். விதையிட்ட மரங்களோ மரத்துக்கு ஒரு வடிவம் தருகின்றன. பல மரத்துப் பழமும் ஒரே மூட்டையில் சேர்ந்து, எடைக்கு இன்ன விலை என்று தீர்க்கப்படுகிறது. மிக உயர்ந்த சுவையுள்ள மரத்தின் பழமும், நார் மிகுந்த மரத்தின் பழமும் ஒரே விலை பெறுகின்றன. இதைக் கண்ட உழவர் சிலர் பழைய மரங்களைத் தறித்து ஹாஸ் ஒட்டுகளை நடத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. விலை கிடைக்கும் பயிரை நடுவது உழவர் அறிவு. ஆயினும், வெப்பம் மிகுந்த தாழ்ந்த சரிவுகளில் ஹாஸ் பழம் சிறுத்துப்போகும் இயல்புடையது என்பதையும், குளிர்ந்த உயரங்களே அதற்கு ஏற்றவை என்பதையும் கன்று விற்போர் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். மேலும், உலகெங்கும் ஒரே மரத்தின் கிளைகளாக நிற்கும் பயிருக்கு ஒரு புதிய நோய் வந்தால், அதனை எதிர்க்கும் வலிமையைத் தேடி ஆராய்ச்சியாளர் செல்ல வேண்டிய இடம் இத்தகைய கலப்பு மரங்கள் நிற்கும் தோப்புகளே.

தறிப்பதற்கு முன் செய்யத் தக்கது ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் மரங்களுள் எது நாரின்றி, சிறு கொட்டையுடன், ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கிறது என்பதை அறிந்தே இருக்கின்றனர். விற்காமல் வீட்டுக்கென்று எடுத்து வைப்பது அந்த மரத்துப் பழத்தையே. அதனைத் தடியன்குடிசைக்கோ செட்டள்ளிக்கோ தெரிவித்து, பத்து ஒட்டுக்குச்சிகள் கொடுத்தால் போதும். ஓராண்டுக் கன்றின்மேல் ஆப்பு ஒட்டாகக் கட்டிய குச்சி சில வாரங்களில் தளிர்விடும்; மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். பொல்லாக்கும் டிராப்பும் புவெர்த்தேயும் ஹாஸும் அவ்வாறு யாரோ ஒருவர் தம் கொல்லையில் கண்டு சொன்ன மரங்களே. பழனி மலையில் அப்படி ஒரு மரத்துக்கு ஊர்ப்பெயரே இட்டாலும், தாண்டிக்குடி என்னும் பெயர் குகட்பள்ளிப் பழக்கடையில் விளங்காமல் போகாது; பாலாநகர் விளங்கவில்லையா?